என் துணியில் நடந்த மச்சான்

விமானத்தின் கழிப்பறைக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. உள்ளேயிருந்து என் மச்சானின் கை வெளியே வந்தது. அந்தக் கையில், அவர் இடுப்பிலிருந்து அப்போதுதான் அவிழ்த்த வெள்ளைத் துணி. "பிடியும் வே, சீக்கிரம். அந்தப் பிள்ளை பாக்குது" என்றார். அந்தப் பிள்ளை, விமானப் பணிப்பெண், தண்ணீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் துணியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். துணி இன்னும் சூடாக இருந்தது. ஒரு மனிதரின் உடம்புச் சூடு. கடையில் புதுத் துணியைத் தொட்டால்கூட எனக்கு அந்தச் சூடுதான் இன்றைக்கும் முதலில் கைக்கு வருகிறது.

மச்சான் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாலிப வயதில் மும்பைக்கு வந்தவர். தாராவியில் ஒரு தோல் பட்டறை வைத்திருந்தார். பேண்டுக்குப் போடும் பெல்ட்தான் அங்கே வேலை. ஆனால் அவர் ஒரு நாளும் பேண்ட் போட்டதில்லை. வெள்ளைச் சாரம், அரைக்கை சட்டை, தோளில் ஒரு துண்டு. லுங்கியை எங்கள் பக்கம் சாரம் என்றுதான் சொல்வோம். பெரிய உடம்பு, பெரிய தொப்பை. அந்தத் தொப்பைக்கு மேலே சாரத்தை இழுத்து ஒரு சுருட்டு சுருட்டினால், இருபது பேர் பிடித்து இழுத்தாலும் அவிழாது. செம்பூரில் ஒரு மாலின் வாசலில் காவலாளி அவரை நிறுத்தி, லுங்கியோடு உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மச்சான் கோபப்படவில்லை. குனிந்து அவன் இடுப்பைப் பார்த்தார். "தேரா கமர் கா பெல்ட் மேரா ஹை பாய்" என்றார். உன் இடுப்பில் கிடக்கும் பெல்ட் என் பட்டறையில் செய்தது என்று. காவலாளி சிரித்துவிட்டான். சிரித்தானே தவிர உள்ளே விடவில்லை. நாங்கள் வெளியே நின்று கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தோம்.

நான் மும்பையில் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கோவண்டியில் மிக்சி, மின்விசிறி பழுதுபார்க்கும் சின்னக் கடை. சிறு வயதில் தெருவில் சாரத்தோடு போனால் மற்ற பையன்கள் "ஏ லுங்கிவாலா" என்று பின்னால் இழுப்பார்கள். அதனாலேயே நான் பேண்டுக்கு மாறியவன். வீட்டில் தூங்கும்போது மட்டும் சாரம். அதுவும் விடியும்போது இடுப்பில் இருக்காது, கழுத்தில் இருக்கும். "எங்க மாப்பிள்ளைக்குச் சாரம்னா போர்வை" என்று மச்சான் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இடுப்பு ஒடுக்கம். துணி நிற்காது.

என் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பெரிய தையல் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் புதிதாக வாங்கும் சாரங்களை மூட்டிக் கொடுப்பாள். கடையில் வாங்கும்போது சாரம் நீளத் துணியாக இருக்கும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து உருளையாக்கினால்தான் உடுத்த முடியும். மூட்டாத சாரத்தை உயிரோடு இருக்கும் ஆண்பிள்ளை உடுத்தக் கூடாது, அது மவுத்தானவருக்குப் போர்த்துவது என்று அவள் உம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் புதுச் சாரத்தை எடுத்து விளையாட்டாக இடுப்பில் வைத்துப் பார்த்தாலே பிடுங்கிக்கொண்டு மெஷினுக்கு ஓடுவாள். அவளுக்கு அந்த மூட்டு துணியின் ஒரு பாகம். தலைக்கு முடி மாதிரி.

மக்காவுக்கு உம்ரா பயணம் போகலாம் என்று மச்சான்தான் ஆரம்பித்தார். அப்போது என் உம்மா படுத்த படுக்கையாக இருந்தார்கள். யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். என் மனைவிக்கு மக்காவுக்குப் போவதென்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். ஆனாலும், "நீங்க காக்காவோட போயிட்டு வாங்க. எனக்கு அல்லாஹ் நாடுனா பொறவு பாக்கலாம்" என்றாள். காக்கா என்றால் எங்களில் அண்ணன். அவள் போக வேண்டிய இடத்துக்கு நான் போகிறேன் என்ற உறுத்தல் அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது. கிளம்பும் முன்னால் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். அது எங்கள் வழக்கம். மச்சான் எனக்கும் தனக்கும் இரண்டு தோல் பெல்ட் செய்து வந்தார், பாஸ்போர்ட் வைக்கப் பையோடு. உம்ராவுக்கு ஆண்கள் உடுத்தும் இஹ்ராம் என்பது இரண்டே துணி. ஒன்று இடுப்பில் கட்ட, ஒன்று தோளில் போட. பயணத்துக்கு முன் ஆண்களைக் கூட்டி வைத்து, தையல் இருக்கக் கூடாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் விளக்கிச் சொன்னார். நான் வீட்டில் வந்து அதைச் சொன்னேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் அவள் அதைச் சட்டை பேண்டைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்திருப்பாள். அவளே துணிகளைத் துவைத்து, மடித்து, என் கைப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

மச்சான் வீட்டிலிருந்தே இஹ்ராம் துணியோடு கிளம்பினார். விமான நிலையத்தில் எல்லோரும் பார்க்க அவிழ்ந்துவிட்டால் மானம் போய்விடும் என்று நான் பயந்து, விமானத்தில் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மக்காவுக்கு முன்னால் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டும் முன் இஹ்ராம் உடுத்தி மனதில் உறுதிகொண்டு நிய்யத் வைத்துவிட வேண்டும். எல்லை நெருங்குகிறது என்று விமானத்தில் அறிவித்ததும் கழிப்பறைக்குள் போனேன். துணியை உதறினேன். உருளையாக வந்தது. சும்மா மூட்டவில்லை. என் ஒடுங்கிய இடுப்புக்குக் கணக்காகத் துணியை உள்ளே மடித்து, பாவாடை மாதிரிச் சிறுத்து, இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். டவல் துணியின் நூல் வாயில் வந்தது. தையல் வரவில்லை.

பேண்டோடேயே வெளியே வந்து நின்றேன். "என்ன வே, கட்டத் தெரியலையா?" என்றார் மச்சான்.

"உங்க தங்கச்சி மூட்டி வச்சிருக்கா மச்சான்."

அவர் துணியை வாங்கி உள்ளே கையை விட்டு மறுபக்கம் எடுத்தார். "ரெட்டத் தையல்லா போட்டிருக்கா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு ஆத்திரம். "அவளுக்கு அறிவுன்னு ஒண்ணு கிடையாது. என் உம்ராவையே கெடுத்துட்டா" என்றேன். சிரிப்பு நின்றது. "அல்லாஹ்வோட வீட்டுக்குப் போற வழியில வச்சு அவள ஏசாதீரும்" என்றார். பிறகு குரலை இறக்கினார். "உம்ம மத்ஹபுல மூட்டுனது ஆகாது. என் மத்ஹபுல செல்லும். மூட்டாம இருக்கது மேலு, அவ்வளவுதான். மேலானது உமக்கு இருக்கட்டும்." மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாஃபி மத்ஹப், அவர்கள் ஹனஃபி மத்ஹப். கல்யாணப் பேச்சின்போது பெரியவர்கள் அதை ஒரு பேச்சாகப் பேசிவிட்டு விட்டிருந்தார்கள். அது எங்களுக்கு நடுவில் ஒரு துணியாக வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவர் எழுந்து என் துணியோடு கழிப்பறைக்குள் போய்விட்டார். அப்படித்தான் அந்தக் கை வெளியே வந்தது.

மக்காவில் தங்கும் விடுதிக்குப் போனதும் பக்கத்து அறைக்காரரிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வந்தேன். மச்சான் துணியைத் தரவில்லை. கீழே கடையில் வேறு துணி வாங்கி வருகிறேன் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. "பிரிச்சா ஊசி ஓட்டை தெரியும். அவ பாத்ததும் கண்டுபிடிச்சிருவா. தான் தச்சதாலதான்னு மனசு ஒடைஞ்சு போவா. அவகிட்ட ஒரு நாளும் சொல்லிராதீரும்" என்றார். நான் இன்னும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "அவளால வர முடியல. அவ தையலாவது வரட்டும்வே. நீரு உடுத்தல, நான் உடுத்திட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டு, அவளிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

கஃபாவைச் சுற்றி வரும்போது கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸஃபா, மர்வா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே நடக்கும்போதுதான் பார்த்தேன். அங்கே பச்சை விளக்கு எரியும் ஒரு பகுதி உண்டு. அந்த இடம் வந்ததும் ஆண்கள் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். நான் ஓடினேன். அவருடைய அகலமான துணி என் காலைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. காற்றில் பறந்தது. சந்தோஷமாக ஓடினேன். எல்லை முடிந்து திரும்பிப் பார்த்தால், மச்சான் பின்னால் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தார். மடிப்பு விடுவதற்கு இடமில்லாமல் துணி அவர் தொடையைப் பிடித்திருந்தது. பெல்ட்தான் அதை நிறுத்தியிருந்தது. ஓடப் பார்க்கிறார், முடியவில்லை. புதுப்பெண் நடக்கிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த சுற்றிலும் நான் ஓடினேன். அதற்கடுத்ததிலும்.

எல்லாம் முடிந்து பள்ளிவாசலின் வெளி முற்றத்தில் உட்கார்ந்தபோது மச்சானுக்குப் பேச்சு பொங்கியது. போகிறவர் வருகிறவர் உடுப்பையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். சூடான்காரர்கள் கூடாரம் மாதிரி நீள அங்கி போட்டுப் போனார்கள். மொராக்கோக்காரர் ஒருவர் அங்கியோடு சேர்ந்த தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டிருந்தார். "இது நம்ம பம்பாய் மழைக்கு ஆகும்" என்றார் மச்சான். ஏமன்காரர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டம் போட்ட துணி கட்டியிருந்தார்கள். சோமாலியாக்காரர்களும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்தோனேசியப் பெரியவரிடம் மச்சான் அவர் துணியைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று சைகையில் கேட்டார். அவர் "சாரோங்" என்றார். "கேட்டீரா வே? சாரமாம், சாரம்!" என்று அந்தப் பெரியவரைக் கட்டிப் பிடித்துவிட்டார். பிறகு முற்றம் முழுவதையும் கையால் காட்டி, "இங்க பாரும். துனியா முழுக்க லுங்கிவாலாதான். அந்த மால்காரப் பய இங்க வந்தா ஒருத்தரையும் உள்ள விடமாட்டான்" என்றார். அன்றைக்கு அவரைப்போலச் சந்தோஷமாக இருந்த மனிதரை நான் அந்த முற்றத்தில் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் தொடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். உட்கார்ந்து மரத்துவிட்டது என்றார். நம்பினேன்.

துணிகளை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தோம். இறந்தால் சுற்றும் கஃபனுக்கு எடுத்து வைப்பது பலருடைய வழக்கம். மூட்டியது என் பைக்கு வந்தது. மூட்டாதது அவர் பைக்குப் போனது. வீடு திரும்பியதும் என் மனைவி மூட்டியதைக் கையில் வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். சாரம் மூட்டக் கொண்டுவரும் பெண்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் உம்ரா செஞ்ச துணி. நான் என் கையால மூட்டுனது" என்று பீரோவைத் திறந்து காட்டுவாள். அவள் அப்படிக் காட்டும்போதெல்லாம் நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன். அடுத்த மழைக்காலத்தில் மச்சான் நெஞ்சு வலி என்று சொன்ன அன்றைக்கே மவுத்தாகிவிட்டார். குளிப்பாட்டும்போது நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "வாப்பா உம்ரா செஞ்ச துணி" என்று அவர் மகன் அந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்தான். கஃபனின் மற்றத் துணிகளோடு அதையும் சுற்றினார்கள். அதில் நான் ஓடியிருக்கிறேன் என்பது அங்கே எனக்கும் மையித்தாகக் கிடந்த அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹஜ்ரத்மார்கள் யார் வந்தாலும் கேட்பேன். யாருக்கு நடந்தது என்று சொல்லமாட்டேன். ஹனஃபியாக இருந்தால் செல்லும், ஒன்றும் தேவையில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேட்ட அன்றைக்கு மனம் லேசாகும். மறுநாள் மறுபடி கனக்கும். செல்லுமா செல்லாதா என்பது என் கேள்வியே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் சின்ன அடி வைத்து வந்தார், நான் மூன்றாவது சுற்றிலும் ஓடினேன். இதற்கு எந்த மத்ஹபில் பதில் கேட்பது?

போன மாதம் மச்சானின் மகன் சான்பாடாவிலிருந்து வந்தான். கம்பெனியில் வேலை. மனைவியோடு உம்ராவுக்குப் போகிறான். பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்தவனிடம் என் மனைவி, "துணி வாங்கிட்டியா? கொண்டா, மாமி மூட்டித் தாரேன்" என்று மெஷின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம் மாமி. ஸ்டிச்சிங் சல்தா நஹி, தையல் ஆகாது. நான் வீடியோல பாத்தேன்."

"எவன் சொன்னான்? உங்க மாமா உடுத்துனதே நான் மூட்டுனதுதான்."

அவன் என்னைப் பார்த்தான். "அப்ப மாமா ஆடு குடுத்தாங்களா? அரே, அதுக்குப் பரிகாரம் இருக்கு மாமி, இல்லன்னா உம்ரா..." என்று வேகமாகச் சொல்லிவந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் கால் மெஷின் மிதியிலிருந்து இறங்கியது. "என்னங்க?" என்றாள். "உங்க உம்ராவ நானா கெடுத்தேன்?"

மச்சானுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ஆமாம் என்றால் அவள் ஆயுசுக்கும் அழுவாள். இல்லை என்று நடந்ததைச் சொன்னால் அண்ணனுக்காக அழுவாள். இரண்டிலும் அவள்தான் அழ வேண்டும். "நான் அத உடுத்தல" என்றேன். "உன் காக்கா உடுத்துனாரு. அவருக்கு அது செல்லும்."

அவள் இரண்டு கையையும் விரித்து ஓர் அளவு பார்த்தாள். பிறகு கேட்டாள்: "காக்காவுக்கு அது பத்தாதே? உங்க இடுப்புக்குல்ல மடிச்சுத் தச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். விமானத்தில் நான் அவளை ஏசியதையும் சொன்னேன். பச்சை விளக்கையும் சொன்னேன். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, "அதான்" என்றான். "வந்ததும் வாப்பாவுக்குத் தொடை ரெண்டும் ஒரசிப் புண்ணா இருந்துச்சு. நான்தான் டெய்லி தேங்கா எண்ணெய் போட்டு விட்டேன். வெயில்ல நடந்ததுன்னு சொன்னாரு." அது எனக்குத் தெரியாது. முற்றத்தில் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில், கத்தரிக்கோலுக்குத் துணியைக் கொடுக்காமல் மச்சான் சொன்னதைச் சொன்னேன். அவளால வர முடியல, அவ தையலாவது வரட்டும். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடம் வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று இருந்துவிட்டேன். அவளுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

அழுது முடித்து அவள் எழுந்தாள். பீரோவிலிருந்து துணியை எடுத்தாள். பிளேடால் அந்த இரட்டைத் தையலை அவளே பிரித்தாள். அவள் போட்ட தையல், அவள் கைக்கு உடனே வந்தது. மடித்திருந்த பாகம் விரிந்ததும் துணி அகலமாகிவிட்டது. "இந்தா, உங்க வாப்பா உடுத்துனது. கட்டிட்டுப் போ" என்று அண்ணன் மகனிடம் கொடுத்தாள். அவன் போன பிறகு நான், "என்னைப் பொருந்திக்க" என்றேன்.

"நான் பொருந்திக்கிட்டேன்" என்றாள். "நீங்க எங்கிட்ட கேட்டுட்டீங்க. இடுக்கித் தச்சதுக்கு நான் காக்காகிட்ட எப்படிக் கேப்பேன்? கபரடிக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கபரஸ்தானுக்குப் போனேன். மும்பையில் மண்ணுக்கும் இடநெருக்கடிதான். அடக்கிய இடத்திலேயே சில வருடத்தில் இன்னொருவரை அடக்கிவிடுவார்கள். மச்சான் இருந்த வரிசை மட்டும் தெரியும். அந்த வரிசைக்கே ஸலாம் சொன்னேன். "உங்க தங்கச்சிக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு மச்சான். அளவு சிறுசா தச்சதுக்கு அவளப் பொருந்திக்கிடணுமாம்" என்றேன். ஃபாத்திஹா ஓதினேன். ஈர மண்ணில் நாலைந்து பேர் அவரவர் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"உங்களுக்கும் சேத்துக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அங்கே அத்தனை நேரம் நின்றும் எனக்காக ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.